புதுக் கம்ப்யூட்டர்: காலையில் ஒழுங்கு, சாயங்காலம் தகராறு

தாமுவே அச்சுக்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூன் தாமுவேயில் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கார்டு, கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்து அடித்தோம். நான் கம்ப்யூட்டருக்கு வந்து இருபது வருஷம் இருக்கும். ஆனால் அதன் மூடியைத் திறந்து பார்த்தவன் இல்லை. போன மாதம்தான் முதல் தடவையாகத் திறந்தேன். திறந்ததிலிருந்து தூக்கம் இல்லை.

பழைய கம்ப்யூட்டர் எட்டு வருஷம் உழைத்துவிட்டு மாசி மாதம் கண்ணை மூடியது. தங்கச்சி மகன் காலேஜில் படிக்கிறான். "மாமா, ரெடிமேடா வாங்காதீங்க, பாகம் பாகமா வாங்கி நாமே சேர்த்துடலாம், பாதிக் காசு மிச்சம்" என்றான். பாதி எல்லாம் மிச்சமாகவில்லை, ஏதோ கொஞ்சம். வாங்கியது இவ்வளவு: ரைசன் 5 5600ஜி ப்ராசசர், பி450 மதர்போர்டில் சின்ன சைஸ், 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க், 550 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி (கரண்டை வீணாக்காது என்கிற 80 ப்ளஸ் ஸ்டிக்கர் ஒட்டியது), ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெரிய கேபினெட். மானிட்டரும் கீபோர்டும் பழசு. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லை, ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறதாம்.

முதல் நாளே சோதனை. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. ராமைக் கழற்றினோம், மாட்டினோம், ஊதினோம், துடைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் மதர்போர்டின் மேல் மூலையில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி, எட்டு ஓட்டையோடு ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. ப்ராசசருக்குப் போகிற 4+4 வயரை மறந்திருக்கிறோம். அதைச் செருகியதும் படம் வந்துவிட்டது. அன்று பையனுக்கு மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

இனிமேல்தான் பிரச்சினை.

இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது. சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. இல்லாத நேரத்துக்கு இன்வர்ட்டர். காலையில் கரண்டில் ஓடும்போது கம்ப்யூட்டர் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. கரண்ட் போனால் அடுத்த நொடி ரீஸ்டார்ட். திரும்பக் கரண்ட் வந்து, தெருப்பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்துகிற அதே நேரத்தில் இன்னொரு ரீஸ்டார்ட். சாயங்காலம் இன்னும் மோசம். கரண்ட் போகவும் இல்லை, வரவும் இல்லை, சும்மா இருக்கும்போதே அடிக்கடி செத்துச் செத்துப் பிழைக்கிறது. இதே இன்வர்ட்டரில்தான் பழைய கம்ப்யூட்டர் எட்டு வருஷமும் ஒரு தும்மல் இல்லாமல் ஓடியது. அதனால் இன்வர்ட்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது, காலையில்கூட நாளுக்கு இரண்டு மூன்று தடவை பட்டென்று அணைகிறது. அப்போது கரண்ட் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பக்கத்தை அடித்து, தாளை வெட்டிவிட்டு நிமிர்ந்தால் திரை கறுப்பு. சேவ் பண்ணாத வேலை போச்சு. வேப்பிலை, சூலம், கரகம் எல்லாம் வைத்து அம்மன் கோயில் நோட்டீஸ் ஒன்றை மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். அம்மனே என்னைச் சோதிக்கிறாள் போல.

மூன்றாவது, கேபினெட்டின் தகரத்தைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரியாது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று புறங்கையால் தடவினால் நன்றாகத் தெரிகிறது.

செய்து பார்த்தவை: கடைக்காரரிடம் சொல்லி வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றி மாட்டினோம், அதே கதை. விண்டோஸைத் திரும்பப் போட்டோம், அதே கதை. நடந்த கோளாறை விண்டோஸ் குறித்து வைக்கிற ஈவண்ட் வியூவரில் ஒவ்வொரு தடவையும் கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்பு எழுத்து. ராமை மெம்டெஸ்ட் வைத்துக் காலை கரண்டில் சோதித்தோம், தப்பு ஒன்றும் காட்டவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறான் மருமகன். திரும்பக் கொண்டுபோனால், "நீங்களே சேர்த்ததுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார் கடைக்காரர். வாங்கினவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


ராத்திரி ஷிப்ட் எழுதியது:

வைரஸா இருக்கும். இல்லன்னா ராம் பத்தாது. 32 ஆக்கிப் பாருங்க.


மோல்மேன் சர்வீஸ் எழுதியது:

ராமைக் கூட்டினால் ரீஸ்டார்ட் நிற்காது தம்பி, விடுங்கள்.

அச்சுக்கடை அண்ணே, மோல்மேனில் பதினோரு வருஷமாக ரிப்பேர் பார்க்கிறேன். நீங்கள் சொன்னதைப் படித்தால் இது ஒரே வியாதி மாதிரி எனக்குத் தெரியவில்லை. மூன்று வியாதி ஒரே உடம்பில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். 41 என்கிற அந்த எழுத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். "நான் ஒழுங்காக மூடப்படாமல் செத்தேன்" என்று மட்டும்தான் அது சொல்லும். யார் கொன்றது என்று சொல்லாது.

சில கேள்வி. பார்த்துப் பதில் போடுங்கள்.

இன்வர்ட்டர் கொடுக்கிற கரண்ட் சதுர அலையா, வீட்டுக் கரண்ட் மாதிரி சைன் அலையா? பெட்டியில் எழுதியிருக்கும். எழுதாமல் விலை மலிவாக இருந்தால் சதுரம்தான். அதன் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது எந்தப் பக்கம்? சாயங்காலம் இன்வர்ட்டரிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? மீட்டர் இருந்தால் சாயங்காலம் வீட்டுக் கரண்ட் எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. "தாளை வெட்டிவிட்டு நிமிர்ந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டர் எங்கே இருக்கிறது, கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?


தாமுவே அச்சுக்கடை எழுதியது:

தம்பி, கட்டரைப் பற்றிக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டும் ஒரே மேசையில்தான். பழைய தேக்கு மேசை, நீளம் ஒன்பது அடி. ஒரு முனையில் கம்ப்யூட்டர், மறுமுனையில் கைப்பிடி கட்டர். ஐம்பது தாளை வைத்துப் பிடியை இழுத்து இறக்கினால் மேசையே ஒரு குலுக்கு குலுங்கும்.

உங்கள் பதிலைப் படித்தவுடன் போய், தாள் இல்லாமல் வெறும் கட்டரை ஓங்கி இறக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் திரை கறுத்தது. கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தை உள்ளங்கையால் தட்டினேன், அதற்கும் கறுத்தது. பையன் வாயைப் பிளந்து நின்றான். கட்டர் இறங்குகிற நேரமும் கம்ப்யூட்டர் சாகிற நேரமும் ஒன்று என்று இத்தனை நாளும் எனக்குத் தோன்றவில்லை. வெட்டும்போது கண் கத்தி மேல் இருக்கும், விரல் பத்திரமாக வேண்டுமே.

மற்றக் கேள்விகளுக்கு: இன்வர்ட்டரில் சைன் என்று எங்கேயும் இல்லை. சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அதுதான் நல்லது என்று அப்போது வயர்மேன் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் டிக் டிக் சத்தம் வருகிறது. பல்லி என்று நினைத்து நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்கு மீட்டர் வைத்தேன்: 178, 183, 174, 181, இப்படி ஆடுகிறது. பேட்டரியில் ஓடும்போது பார்த்தால் 182 காட்டுகிறது. இன்வர்ட்டர் 230 கொடுக்க வேண்டாமா? அதுவும் கெட்டுப்போய்விட்டதா?


வியாசர்பாடி வயரிங் எழுதியது:

சார், இடையில் நுழைகிறேன். சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா குடும்பம் 1964-க்கு அப்புறம் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது. தாமுவே என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் உங்கள் மீட்டர். இன்வர்ட்டர் கெடவில்லை, மீட்டர்தான் ஏமாற்றுகிறது. விலை குறைந்த மீட்டர் சராசரியை அளந்து, "இது சைன் அலையாகத்தான் இருக்கும்" என்று ஒரு கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும். சதுர அலையில் அந்தக் கணக்குப் பலிக்காது. நடுவில் சுழியத்தில் நின்று நின்று போகிற சதுர அலை இன்வர்ட்டரில் உண்மையில் 230 வந்தாலும் அது 180 பக்கம் காட்டும். உங்களுக்கு 182. சரியாகப் பொருந்துகிறது. ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதிய மீட்டர்தான் இதற்குச் சரிப்படும்.

இப்போது அந்த டிக் டிக். யுபிஎஸ் பக்கம் சுவிட்சை வைத்தால் பல இன்வர்ட்டர்கள் 180 வோல்ட்டுக்குக் கீழே கரண்ட் இறங்கியவுடன் "இது கரண்டே இல்லை" என்று பேட்டரிக்குத் தாவிவிடும். 180-க்கு மேல் ஏறினால் திரும்ப வரும். உங்கள் தெருவில் சாயங்காலம் 174-க்கும் 183-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. அப்படியானால் இன்வர்ட்டர் அங்கேயும் இங்கேயும் தாவிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் தாவுகிற சத்தத்தைத்தான் பல்லி என்று நினைத்தீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் பத்து மில்லி செகண்டுக்கு முன்பின் கரண்ட் இருக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16, 17 மில்லி செகண்ட் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தாவல் மட்டும் என்றால் பிழைத்துவிடும்.

பிழைக்காததற்குக் காரணம் அடுத்தது. பழைய எஸ்எம்பிஎஸ் எதைக் கொடுத்தாலும் தின்னும். அலையின் உச்சி வரும்போது ஒரு வாய் அள்ளி உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். சதுரமோ வட்டமோ அதற்குக் கவலை இல்லை. இப்போது 80 ப்ளஸ் ஸ்டிக்கரோடு வருவதில் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி என்று ஒரு சர்க்யூட் இருக்கும். வருகிற அலை எப்படி ஏறி இறங்குகிறதோ அதே வடிவத்தில் கரண்டை இழுக்க அது பார்க்கும். சைன் அலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், பின்னாலேயே போகலாம். சதுர அலை சுழியத்தில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு ஒரே எட்டில் உச்சிக்குப் போகும். சில எஸ்எம்பிஎஸ் அதைச் சமாளிக்கும், சில உர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடும், சில கையை விரித்துவிடும். உங்களுடையது மூன்றாவது ரகம். கடையில் மாற்றிக் கொடுத்ததும் அதே ரகமாகத்தான் இருந்திருக்கும், அதனால்தான் மாற்றியும் பலன் இல்லை.

ஆகப் பழைய கம்ப்யூட்டர் எட்டு வருஷம் ஓடியது இன்வர்ட்டர் நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை சார். அந்தக் கம்ப்யூட்டர் எதையும் சாப்பிடும் என்பதற்குத்தான் சாட்சி.

செய்ய வேண்டியது: இன்று சாயங்காலம் கம்ப்யூட்டரை மட்டும் இன்வர்ட்டர் லைனிலிருந்து பிரித்து, நேராக மெயின் கரண்டில் போடுங்கள். உங்கள் ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற சேஃப்கார்டு பெட்டி இருந்தால் அது வழியாகப் போடுங்கள், வோல்ட் திடீரென்று எகிறினால் அது வெட்டிவிடும். 174 வோல்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் 100-240 என்று எழுதியிருந்தால் அது 174-ஐ நிம்மதியாகத் தின்னும். மேசையை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எது எதனால் என்று குழம்பிவிடும்.


சிரியம் அக்கா எழுதியது:

தம்பி, நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. சிரியத்தில் ஐஸ் வியாபாரம். எங்கள் வீட்டு ஃப்ரீசரும் இப்படித்தான் வருஷக்கணக்கில் சுறுசுறு என்றது. வந்த மெக்கானிக் எல்லாம் "அது ஒன்றும் செய்யாதும்மா" என்று போய்விட்டார்கள். கடைசியில் எங்கள் கொழுந்தனார் வந்து ப்ளக்கைப் பிரித்துக் காட்டினார். மூன்று முள் ப்ளக்தான், ஆனால் சுவரில் இருக்கிற சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வெறும் ஓட்டை. உங்கள் வீட்டிலும் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், சொல்லத் தேவையில்லை.


மோல்மேன் சர்வீஸ் எழுதியது:

அக்கா சொன்னது ரொம்பச் சரி. அதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் வாசலிலேயே இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று லைனிலிருந்து தகரத்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு. கம்ப்யூட்டர் வெளியே துப்புகிற இரைச்சலை எர்த்துக்கு இறக்கிவிடத்தான் அவை. எர்த் இல்லாவிட்டால் இறங்க வழி இல்லாமல் தகரம் நடுவில் தொங்கும். 230-க்குப் பாதி, 115 பக்கம். கரண்ட் ரொம்பச் சொற்பம், ஆளைக் கொல்லாது, சுறுசுறுப்போடு நிற்கும். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரசித் தகரத்தில் பட்டால் அது சுறுசுறுப்போடு நிற்காது அண்ணே. சதுர அலையில் ஓடும்போது சுறுசுறு கூடத் தெரியும், கவனித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில வயர்மேன்கள் எர்த் முள்ளையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு "எர்த் போட்டாச்சு" என்பார்கள். அதை மட்டும் விடாதீர்கள். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் கேபினெட் முழுக்க 230 நிற்கும். தண்ணீர்க் குழாயிலும் கட்டாதீர்கள், இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக். மண்ணில் கம்பி அடிப்பதுதான் வழி. பிரிண்டர், மானிட்டர், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே பட்டையில் செருகுங்கள். வேறு வேறு சாக்கெட்டில் இருந்தால் யுஎஸ்பி வயர் செருகும்போது பொறி பறக்கும், போர்ட் போகும்.

சரி, கட்டருக்கு வருவோம். குலுக்கினால் சாகிறது என்றால் உள்ளே எங்கோ ஒன்று தொட வேண்டியது தொடவில்லை, அல்லது தொடக் கூடாதது தொடுகிறது. முதலில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற 24 முள் வயரையும் அந்த 4+4 வயரையும் கொக்கி விழுகிற வரை அழுத்திப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் வயர் கழற்றி மாட்டுகிற ரகமாக இருந்தால் அந்த முனையையும் பாருங்கள், எல்லோரும் அதை மறப்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் மதர்போர்டைக் கேபினெட்டை விட்டு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டுங்கள். ராம் ஒன்றே ஒன்று போதும், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஓட்டையில். பவர் சுவிட்சுக்குப் பதில், போர்டில் அந்த சுவிட்ச் வயர் செருகுகிற இரண்டு முள்ளையும் சேர்த்து ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஓடும். ஓட விட்டுவிட்டுக் கட்டரை இறக்குங்கள். வெளியே ஓடி உள்ளே செத்தால், குற்றம் போர்டில் இல்லை, கேபினெட்டில்.

போர்டை எடுத்த பிறகு ஒன்று செய்யுங்கள். போர்டில் திருகு ஓட்டை எத்தனை, கேபினெட்டில் போர்டைத் தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கிற பித்தளைக் குமிழ் (ஸ்டாண்ட்ஆஃப்) எத்தனை, இரண்டையும் எண்ணுங்கள்.


தாமுவே அச்சுக்கடை எழுதியது:

போர்டில் ஆறு. கேபினெட்டில் ஏழு.

விவரமாக எழுதுகிறேன். நேற்று கரண்ட் இல்லாத மதியம் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் ஓரமாகப் பாயை விரித்து எல்லாவற்றையும் கழற்றினோம். 24 முள், 4+4 எல்லாம் கொக்கி விழுந்துதான் இருந்தது. போர்டைத் தூக்கி, சாயங்காலம் அட்டைப்பெட்டி மேல் வைத்து, நேராக மெயின் கரண்டில் சேஃப்கார்டு வழியாக ஓட்டினோம். 176 வோல்ட். ஓடியது. கட்டரை இறக்கினேன், ஓடியது. மேசையைத் தட்டினேன், ஓடியது. பையன் உற்சாகத்தில் குதித்தான், அப்போதும் ஓடியது.

அப்புறம் காலிக் கேபினெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். உள்தகரத்தில் ஏழு பித்தளைக் குமிழ் நின்றது. கேபினெட் பெரிய போர்டுக்கும் சின்ன போர்டுக்கும் பொதுவாக வந்தது, தொழிற்சாலையிலேயே திருகி வைத்திருக்கிறார்கள். எங்கள் போர்டு சின்னது, ஆறு ஓட்டைதான். ஏழாவது குமிழுக்கு நேராகப் போர்டில் ஓட்டையே இல்லை. பையன் அதைக் கவனிக்காமல் போர்டை மேலே வைத்து ஆறையும் திருகிவிட்டான்.

போர்டைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஈய எழுத்துப் பழக்கம், ஒரு எழுத்தில் மூக்கு உடைந்திருந்தாலும் கண்ணில் படும். கறுப்புப் பூச்சின் மேல் பயறு அளவுக்கு ஒரு வட்டத் தேய்மானம். வட்டத்தின் ஓரத்தில் இரண்டு ஈயப் புள்ளிகளின் தலை மட்டும் புதுக் காசு மாதிரி பளபளத்தது, சுற்றியிருக்கிற மற்றதெல்லாம் மங்கல். கட்டர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் போர்டு நூலளவு வளைந்து அந்தப் புள்ளி பித்தளையைத் தொட்டிருக்கிறது. தொட்டால் ஷார்ட். உடனே எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. இத்தனை தடவை நடந்தும் போர்டு பிழைத்திருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும்.

மூக்குக் குறடால் ஏழாவது குமிழைத் திருகி எடுத்தோம். அழுத்திப் பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. திரும்ப எல்லாம் மாட்டி, காலைக் கரண்டில் போட்டு, ஒரு ரீம் தாளை வெட்டித் தீர்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. முதல் நாளே மதர்போர்டு செத்தது என்று நம்பி இன்னொன்று வாங்கியிருந்தால், புது போர்டையும் அதே ஏழாவது குமிழ் மேல்தான் திருகியிருப்போம்.

இன்வர்ட்டருக்கு இன்னும் வழி பண்ணவில்லை. கம்ப்யூட்டரை மெயின் கரண்டிலேயே வைத்திருக்கிறேன், கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை. சாயங்காலம் டிக் டிக் கேட்கிறது, கம்ப்யூட்டர் கண்டுகொள்வதில்லை. நடுவில் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி, இன்வர்ட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் வைத்தால் ஆகாதா? கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.


மோல்மேன் சர்வீஸ் எழுதியது:

வேண்டாம் அண்ணே. சதுர அலை இன்வர்ட்டருக்குப் பின்னால் சின்ன யுபிஎஸ் வைத்தால், அது சதுர அலையைப் பார்த்து "இது கெட்ட கரண்ட்" என்று தன் பேட்டரிக்குப் போய்விடும். பத்து நிமிஷத்தில் பேட்டரி தீர்ந்து கீ கீ என்று கத்தும். அந்த மலிவு யுபிஎஸ்ஸும் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது பெரும்பாலும் சதுரம்தான். காசை இரண்டு தடவை செலவு செய்வீர்கள்.

மெயின் கரண்டிலிருந்து நேராக அந்த யுபிஎஸ், அதிலிருந்து கம்ப்யூட்டர், இன்வர்ட்டர் லைனே வேண்டாம் என்றால் கொஞ்சம் பலன் உண்டு. சேவ் பண்ணி மூட நேரம் கிடைக்கும். அதுவும் உங்கள் எஸ்எம்பிஎஸ் அதை ஏற்றுக்கொண்டால்தான், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் ப்யூர் சைன் அலை இன்வர்ட்டர்தான். இப்போது சோலாருக்காக ஊர் முழுக்க வந்து இறங்குகிறது, பழைய பேட்டரியை அப்படியே அதில் மாட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய இன்வர்ட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். லைட்டுக்கும் போன் சார்ஜருக்கும் அது போதும். ஃபேன் ஓடும், கொஞ்சம் உறுமும்.


வியாசர்பாடி வயரிங் எழுதியது:

அந்த வயர்மேனைத் திட்டாதீர்கள் சார், யுபிஎஸ் பக்கம் வைத்தது பொதுவாகச் சரிதான். 220 வருகிற தெருவில் அதுதான் நல்லது. உங்கள் தெருவில் 180-ஐச் சுற்றி ஆடுவதால் விஷயம் தலைகீழாகிவிட்டது. கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டீர்கள் இல்லையா, இனி சுவிட்சை நார்மலுக்குத் தள்ளிவிடுங்கள். 180-க்குக் கீழே போனாலும் கரண்டை விடாது, தாவல் குறையும், பேட்டரிக்கும் ஆயுசு கூடும். பல்லியும் பேசாது.


தாமுவே அச்சுக்கடை எழுதியது:

சுவிட்சைத் தள்ளியாயிற்று. பல்லி வாயை மூடிக்கொண்டது.

சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரியே மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, ஒரு சிலந்திக்கூடு மட்டும். கட்டிடம் முழுக்க எர்த் வயரே இழுக்கவில்லை என்று மேல்மாடிக்காரர் சொல்கிறார். கடை தரைத்தளம், பின்னால் சந்து இருக்கிறது, அங்கே கம்பி அடிக்கலாம். ஆனால் சந்தில் மண் தெரிகிற இடம் ஒரே ஓர் இடம், அதில் பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா பப்பாளி வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். கம்பி அடித்தால் மரத்துக்குள் கரண்ட் ஏறிக் காயெல்லாம் கருகிவிடும் என்கிறார். இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். எனக்குத் தெரிந்த பர்மிய மொழியில் எர்த்தை விளக்க முடியவில்லை.


சிரியம் அக்கா எழுதியது:

எங்கள் வீட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் வாழை நிற்கிறது, தார் தள்ளியிருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அந்த அம்மாவிடம் காட்டுங்கள். மழை பிடிக்கும் முன்னால் அடித்துவிடுங்கள் தம்பி, அப்புறம் அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.


தாமுவே அச்சுக்கடை எழுதியது:

அனுப்புங்கள் அக்கா. வாழைத்தார் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுங்கள், கம்பியும் படத்தில் விழ வேண்டும். நாளைக்கே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். மீ லாபி சத்தம் கேட்கிறது, நோட்டீஸ் ஐந்நூறு பாக்கி இருக்கிறது.